இரண்டு இடப்பக்கத்துக் கார்புரேட்டர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு பெர்வின் தன் இரும்பு ஸ்கேலை எடுத்து அந்தப் பழைய கார்புரேட்டரின் மேல் வைத்தான். அதுவரை இட்வாலுக்கு அது நல்ல நாளாகத்தான் இருந்தது.

மழை இல்லை. ஐந்து தட்டு முட்டை சாண்ட்விச் வேனில் ஏறிவிட்டது. தங்கை நெஸ்டா ஒன்பதரைக்கே தன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். பழைய வண்டிக்காரர்கள் சங்கத்தின் வருடாந்திர ஓட்டம். பென்வ்ரான் கணவாயைத் தாண்டி அபெர்வென் போய், அங்கே சேப்பல் கூடத்தில் தேநீர். இட்வால் வேனில் சாப்பாட்டோடு பின்னால் போகவேண்டும். அவ்வளவுதான் வேலை.

நெஸ்டா கணவாய் ஏறுவது இதுதான் முதல் தடவை. நாற்பத்தாறு வயதில் வண்டி கற்றுக்கொண்டு, மூன்று தடவை பரீட்சையில் தோற்று, நாலாவது தடவை ஜெயித்தவள். வண்டி அறுபத்தொன்பதாம் வருஷத்தது. ரெட்டை சிலிண்டர், சிலிண்டருக்கு ஒன்றாக ரெண்டு கார்புரேட்டர். அவள் வாங்கியது, அவள் துடைப்பது, அவள் ஓட்டுவது. ஸ்பேனர் பிடிப்பது மட்டும் அண்ணன். இட்வால் ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். எஞ்சின் என்றால் தனக்குத் தெரியாதது இல்லை என்று யார் கேட்டாலும் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான்.

பெர்வின் அவனோடு படித்தவன். வீடு முழுக்க பழைய பாகங்களைச் சேர்த்து வைத்து, உட்கார நாற்காலி இல்லாமல் வாழ்கிறவன். வண்டியிலிருந்து கழற்றிப் போட்ட கார்புரேட்டர்களை எடுத்துப் போகத்தான் இட்வால் வீட்டுக்கு வந்திருந்தான்.

"எதுக்குடா கழட்டின?" என்று கேட்டான்.

"தேஞ்சு போச்சு. போன மாசம் நான் ஒரு சுத்து ஓட்டிட்டு வரேன், ஆக்ஸிலேட்டர் அப்படியே மாட்டிக்கிச்சு. கைய விட்டாலும் எறங்கல. தபால்காரி வேலியில போய்ச் சொருகினேன்."

"அவ என்ன சொன்னா?"

"அவ சொன்னத ஞாயித்துக்கிழமை சொல்லக்கூடாது."

பெர்வின் சிரித்துக்கொண்டே விரலை உள்ளே விட்டுத் தடவினான். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் ஏறி, விட்டால் இறங்கி எஞ்சினை அடக்குகிற ஸ்லைடை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "தேயலியே இது. கண்ணாடி மாதிரி இருக்கு." அப்புறம்தான் சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தான். எஞ்சினோடு ஒட்டுகிற தட்டையான முகத்தில் குறுக்கே வைத்து ஜன்னல் பக்கம் தூக்கினான்.

"இங்க வா. நடுவுல வெளிச்சம் தெரியுதா?"

தெரிந்தது. தட்டையாக இருக்கவேண்டிய முகம் வளைந்திருந்தது.

"எவனோ நட்டப் போட்டு முறுக்கு முறுக்குன்னு முறுக்கியிருக்கான். இது மெத்துன்னு இருக்கற உலோகம்டா. நட்டு மாட்டற ரெண்டு காதையும் இழுத்துக் கட்டினா நடு உடம்பு நசுங்கும். குளிர்ல ஒண்ணும் தெரியாது, வெண்ணெய் மாதிரி ஓடும். நல்லா சூடேறிச்சுன்னா ஸ்லைட கவ்விக்கும். விடாது. தேய்மானமும் இல்ல ஒண்ணும் இல்ல. எல்லாம் கை செஞ்ச வேலை."

"யாரு கை?"

"இந்த வீட்டுல ஸ்பேனர் பிடிக்கிறது யாரு?"

இட்வாலுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஞாபகம் வந்துவிட்டது.

ஜோடியாகத்தான் வாங்கவேண்டும் என்று நெஸ்டா சொல்லியிருந்தாள். ஒரே கடையில், ஒரே பெட்டியில், இடது ஒன்று வலது ஒன்று. கிடைக்க ரெண்டு மாசம் ஆகுமென்றால் இந்த வருஷ ஓட்டம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றும் சொன்னாள். இட்வாலுக்குத்தான் பொறுக்கவில்லை. பழைய பாகச் சந்தையில் ஒரு தகர டப்பாவிலிருந்து ஒன்று, வேறொருத்தன் கார் டிக்கியிலிருந்து இன்னொன்று. வீட்டுக்கு வந்து பார்த்தால் ரெண்டுமே இடப்பக்கத்துக்கு ஆனது. வலப்பக்கம் மாட்டியதன் திருகாணிகள் உள்பக்கம் பார்த்துத் திரும்பிக்கொண்டன, விரல்கூட நுழையவில்லை. முகமும் சரியாக உட்காரவில்லை. எஞ்சினைக் கிளப்பினால் இடுக்கில் காற்று புகுந்து உஸ்ஸென்றது. நட்டை இறுக்கினான். கொஞ்சம் குறைந்தது. ஸ்பேனரில் ஒரு குழாயைச் சொருகி நீளமாக்கி, காலை ஊன்றி இறுக்கினான். சத்தம் சுத்தமாக நின்றது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று இடப்பக்கத்தையும் அதே மாதிரி இறுக்கினான்.

நெஸ்டா வந்து கேட்டாள். "ஜோடிதானே அண்ணே?"

"ஜோடிதான்" என்றான்.

இப்போது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"என்னடா முகம் மாவு மாதிரி ஆயிருச்சு?" என்றான் பெர்வின்.

"புதுசையும் அப்படித்தான் மாட்டியிருக்கேன்."

"எப்படி?"

"குழாய் போட்டு."

பெர்வின் ஸ்கேலைப் பையில் வைத்தான். வேறு எதுவும் கேட்காமல் வேனைப் பார்த்து நடந்தான்.

வேன் ஊரைத் தாண்டும்போதே இட்வால் ஒரு கையால் போனை அழுத்திக்கொண்டிருந்தான். மணியே போகவில்லை. பள்ளத்தாக்கில் சிக்னல் கிடையாது என்று தெரிந்தும் மறுபடி மறுபடி அழுத்தினான். பெர்வின் போனைப் பிடுங்கிக்கொண்டான்.

"ரோட்டப் பாரு. அவ போய் எவ்வளவு நேரம் ஆச்சு?"

"முக்கா மணி."

"அடிவாரம் வரைக்கும் எத்தன மைல்?"

"பதினெட்டு."

"ம். அதுக்குள்ள நல்லா சூடேறியிருக்கும்."

"சும்மா இருடா."

"இல்ல, யோசிக்கிறேன். சமவெளில மாட்டிக்கிட்டா கிளட்ச பிடிச்சு நிறுத்திரலாம். மேட்டுல மாட்டினா தெரியவே தெரியாது. ஏறும்போது முறுக்கியேதான பிடிச்சிருப்பா. உச்சிக்குப் போய், மொத எறக்கத்துல, மொத வளைவுல கைய விடுவா பாரு. அப்பத்தான் தெரியும்."

இட்வால் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். பின்னால் சாண்ட்விச் தட்டு ஒன்று சரிந்து கதவில் மோதியது. பென்வ்ரானின் முதல் இறக்கம் அவனுக்கு நன்றாகத் தெரியும். பஸ்ஸில் அங்கே ரெண்டாவது கியருக்கு வந்துவிடுவான். இடது பக்கம் மலை. வலது பக்கம் இடுப்பளவு கல் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை.

"எஞ்சின அணைக்கற சாவி எங்க இருக்கு அந்த வண்டியில?" என்று பெர்வின் கேட்டான்.

"சீட்டுக்குக் கீழ. இடது தொடைக்கு அடியில."

"ஓடும்போது கை போகுமா?"

"எனக்கே போகாது."

பெர்வின் தன் இடது தொடைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்து, எடுத்துக்கொண்டான்.

ஒரு மைல் தூரம் ஆட்டு மந்தைக்குப் பின்னால் ஊர்ந்தார்கள். மந்தைக்காரி நாயை அதட்டிக்கொண்டு நிதானமாக நடந்தாள். இட்வால் தலையை வெளியே நீட்டி, "அம்மா, தங்கச்சி உயிரு" என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஆடுகளைக் கைத்தடியால் ஒதுக்கித் தள்ளினாள்.

அடிவாரத்தில் இருபது வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. எல்லோரும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிடம் இட்வாலுக்கு உயிர் வந்தது. அப்புறம்தான் வழக்கம் ஞாபகம் வந்தது. முதல் தடவை கணவாய் ஏறுகிறவர் பத்து நிமிடம் முன்னால் தனியாகப் போவார். பின்னால் யாரும் நெருக்கக்கூடாது, தடுமாறினால் யாரும் பார்க்கக்கூடாது. சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான். எல்லோரும் அதை மரியாதை என்பார்கள். அவனும் சொல்லியிருக்கிறான்.

மெயூரிக் என்பவர்தான் வரிசைக்குக் கடைசியில் டிரெய்லர் இழுத்துக்கொண்டு வருகிறவர், நின்றுபோன வண்டிகளை ஏற்ற. அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நெஸ்டாவா? போயி எட்டு நிமிஷம் ஆச்சு."

"எப்படிப் போனா?"

"எப்படின்னா?"

"வண்டி எப்படிப் போச்சுண்ணே?"

மெயூரிக் பெருமையாகச் சிரித்தார். "பறந்தா. நாங்கூட இவ்வளவு வேகம் எதிர்பார்க்கல. மொத வளைவுலயே சும்மா சீறிக்கிட்டுப் போனா."

அவளே முறுக்கினாளா, வண்டி முறுக்கிக்கொண்டதா? நெஸ்டா ஒருநாளும் சீறுகிறவள் இல்லை. சமவெளியிலேயே நாற்பதைத் தாண்டாதவள். இட்வால் நன்றிகூடச் சொல்லாமல் வேனைக் கிளப்பினான். பின்னால் யாரோ, "டேய், இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு, வழக்கத்த மீறாத" என்று கத்தியது கேட்டது.

ஏற்றத்தில் வேன் முனகியது. ஒவ்வொரு வளைவிலும் அவன் ரோட்டைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தான். ஓரிடத்தில் சுவர் இடிந்து கல் சரிந்து கிடந்தது. பிரேக்கை மிதித்து இறங்கி ஓடினான். கற்களில் பாசி பிடித்திருந்தது, எந்தக் காலத்திலோ இடிந்தது. திரும்பி வந்து ஏறினான்.

"நான் ஓட்டட்டா?" என்றான் பெர்வின்.

"வேண்டாம்."

"ரோட்ட விட்டுட்டு சுவரையே பாக்கறடா நீ."

"தெரியும்."

உச்சியில் காற்று வேனை உலுக்கியது. ஆள் இல்லை, வண்டி இல்லை. தேநீர் விற்கிற வண்டிகூட அன்றைக்கு வரவில்லை. ரோடு மேட்டைத் தாண்டி மடங்கிக் கீழே விழுந்தது. முதல் வளைவுக்கு முன்னால் கருப்பாக ஒரு கோடு, ஒரு டயர் இழுபட்ட கோடு, பத்தடி நீளம். கோடு சுவரைப் பார்த்துப் போய், சுவருக்கு ஒரு முழம் முன்னால் வளைந்து மறுபடி ரோட்டுக்கு வந்திருந்தது.

ரெண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

அடுத்த வளைவில் சுவருக்கு அந்தப் பக்கம், ரொம்பக் கீழே, ஏதோ மஞ்சளாகக் கிடந்தது. நெஸ்டாவின் மேல்கோட்டு மஞ்சள். இட்வால் வேனை நிறுத்தினான், ஆனால் இறங்கவில்லை. கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். இறங்காத வரைக்கும் அது எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். பெர்வின்தான் இறங்கிப் போய் எட்டிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்ததுபோல் இருந்தது.

"தீவனச் சாக்குடா" என்றான் திரும்பி வந்து. "வெறும் சாக்கு."

அதற்கடுத்த வளைவில், மலைப்பக்கம் ஒரு பண்ணைக் கதவு திறந்திருந்தது. உள்ளே செங்குத்தாக ஏறுகிற புல்வெளி. புல்லில் மண்ணை வாரிய தடம் மேலே போய், பாதியில் நின்றது. அங்கே மோட்டார் சைக்கிள் ஒருக்களித்துக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் நெஸ்டா, ஹெல்மெட்டைக் கழற்றாமல், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

இட்வால் எப்படி மேலே போனான் என்று அவனுக்கே தெரியாது. மூச்சு வாங்க அவள் முன்னால் மண்டியிட்டான். கை, கால், தோள் என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"அடிபட்டுதா? எங்கயாச்சும் வலிக்குதா?"

"இல்லண்ணே. முழங்கை மட்டும்." ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் சின்னதாக வந்தது. அவன் வாரை அவிழ்த்து ஹெல்மெட்டைக் கழற்றினான். அவள் அழவில்லை. உதடு மட்டும் வெளுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. "நீ எப்படி இங்க வந்த?"

அவன் வாயைத் திறக்குமுன் அவளே தொடர்ந்தாள்.

"நான்தான்ணே. எறக்கத்தப் பாத்ததும் பயந்துட்டேன். கைய விட்டேன்னுதான் நெனச்சேன். விடலபோல. முறுக்கிட்டேன்போல. வண்டி கத்துது, நான் கிளட்ச பிடிச்சா இன்னும் கத்துது. சுவரு வருது. எனக்கு ஒண்ணும் புரியல. கதவு தொறந்திருந்துச்சு, மேட்டுல ஏத்திட்டேன், விழுந்து எஞ்சின் நின்னுச்சு. அவ்வளவுதான்." கையுறையைக் கழற்றி மடியில் போட்டாள். "எல்லாரும் சொன்னாங்கல்ல, இந்த வயசுல உனக்கெதுக்குன்னு. சரியாத்தான் சொன்னாங்க. இங்க உக்காந்து முடிவு பண்ணிட்டேன். வித்துரு. இனிமே நான் ஏறமாட்டேன்."

பெர்வின் பத்தடி தள்ளி நின்று வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இட்வாலைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை.

இட்வாலுக்கு அப்போது ஒரு பயம் வந்தது. காலையிலிருந்து இருந்த பயத்தைவிடச் சின்னதுதான், ஆனால் கேவலமானது. ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். அவள் உயிரோடு இருக்கிறாள். வண்டி விற்றுப்போகும். தன் பயத்தால் வந்த வினை என்று அவள் நம்புவாள், ஊரும் நம்பும், பெர்வின் காட்டிக்கொடுக்கமாட்டான். ஆம்பளைகள் ரெண்டு பேரும் அவளைத் தட்டிக்கொடுத்து வேனில் ஏற்றலாம். "சரிம்மா, விடு" என்று ரெண்டு வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

மேட்டுக்கு அந்தப் பக்கம் அடிவாரத்து வண்டிகள் ஏறுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது.

"நீ கைய விட்டுட்டம்மா" என்றான். "நீ சரியாத்தான் விட்ட. அது மூடல."

"என்னது?"

"கார்புரேட்டர். உள்ள மாட்டிக்கிச்சு. நான் நட்ட முறுக்கினதுல உடம்பு வளைஞ்சு போயிருச்சு. சூடேறினா கவ்விக்கும். பழசையும் நான்தான் அப்படிக் கெடுத்தேன். இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுது. அதான் ஓடி வந்தேன்." ஒரு மூச்சில் சொல்லிவிட்டு நிறுத்தினான். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. "அது ஜோடியும் இல்ல. சந்தையில வேற வேற ஆளுகிட்ட வாங்கினேன். ரெண்டும் இடப்பக்கத்துது. சரியா உக்காரலேன்னுதான் குழாய் போட்டு முறுக்கினேன்."

நெஸ்டா அவனையே பார்த்தாள். கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை.

"நான் கேட்டேன்" என்றாள்.

"கேட்ட."

"ஜோடிதானேன்னு கேட்டேன். நீ என் முகத்தப் பாத்துச் சொன்ன."

"ஆமா."

"அடுத்த வருஷம் போலாம்னு சொன்னேன்ல. யாருண்ணே உன்ன அவசரப்படுத்தினது?"

அவள் இந்த வருஷம் ஓடவேண்டும், எல்லோர் முன்னாலும் வண்டி கும்மென்று கேட்கவேண்டும், யார் பண்ணினது என்று நாலு பேர் கேட்கவேண்டும், அதுதான் காரணம். அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் அவளுக்கே தெரிந்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

அவள் எழுந்தாள். அவன் கையை நீட்டினான். அவள் பிடிக்கவில்லை.

"பெர்வின், ஸ்பேனர் வெச்சிருக்கியா?"

ஸ்பேனர் இல்லாமல் பெர்வின் இருப்பானா? மூன்று அளவில் எடுத்து நீட்டினான். ரெண்டு பேரும் வண்டியை நிமிர்த்திப் பிடிக்க, நெஸ்டா குனிந்து வலது கார்புரேட்டரின் நட்டில் ஸ்பேனரைப் பொருத்தினாள். முழங்கை ரத்தம் மஞ்சள் மேல்கோட்டில் ஊறியிருந்தது. முதல் தடவை நட்டு அசையவில்லை. அவள் ஸ்பேனரைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். "இதுக்கா குழாய் போட்ட?" என்றாள். மறுபடி முழு பலத்தையும் போட்டாள். நட்டு கீச்சிட்டுக்கொண்டு இளகியது. அடுத்ததையும் அரைச்சுற்று திருப்பினாள்.

உள்ளே டக்கென்று ஒரு சத்தம். இவ்வளவு நேரம் திறந்தே நின்ற ஸ்லைடு கீழே விழுந்தது.

மூவரும் அப்படியே நின்றார்கள். நெஸ்டா கைப்பிடியை முறுக்கி விட்டாள். டக். மறுபடி முறுக்கி விட்டாள். டக். அவள் கன்னம் நடுங்கியது. இப்போதுதான் கண் கலங்கியது.

"நான் விட்டேன்" என்றாள், யாரிடமும் சொல்லாமல். "கைய விட்டேன்."

"விட்டம்மா" என்றான் இட்வால்.

"பேசாத நீ." புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். "இப்ப இத ஓட்டலாமா?"

அவனுக்குப் பழக்கமான பதில் ஒன்று இருந்தது. அது தானாகவே கிளம்பியது, அவன் அதை விழுங்கினான்.

"தெரியல" என்றான்.

"நாற்பது வருஷத்துல இவன் வாயில இந்த வார்த்தைய இப்பத்தான் கேக்கறேன்" என்றான் பெர்வின். யாரும் சிரிக்கவில்லை.

மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாக வளைவில் தலைகாட்டி, புல்வெளியைப் பார்த்து நின்றன. மெயூரிக் டிரெய்லரை ஓரமாக நிறுத்திவிட்டு மூச்சிரைக்க ஏறி வந்தார். "என்னம்மா, வேகம் கூடிப்போச்சா? மொத தடவைன்னா அப்படித்தான். பொம்பளைங்களுக்கு எறக்கம்னா..."

"அவ மேல ஒண்ணும் இல்ல" என்றான் இட்வால். கதவருகே நின்ற இருபது பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். இன்னொரு தடவை சொல்லத் தன்னால் முடியாது என்று தெரியும். "நான் மாட்டின கார்புரேட்டர். ரெண்டும் ஜோடியில்லாதது. நட்ட முறுக்கி நான்தான் கெடுத்தேன். அவ நிறுத்தினதே பெரிசு."

மெயூரிக் தொப்பியைக் கழற்றிக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றார். பிறகு மேலே ரோட்டில் கிடந்த அந்தக் கருப்புக் கோட்டைத் திரும்பிப் பார்த்தார். உச்சியிலிருந்து இறங்கும்போது எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

"அந்தக் கோடு உன்னோடதா?" என்று நெஸ்டாவிடம் கேட்டார்.

"ஆமா."

"நானா இருந்தா சுவருக்கு அந்தப் பக்கம் போயிருப்பேம்மா" என்றார்.

வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். பெர்வின் அதோடு போனான். நெஸ்டா வேனில் இட்வாலுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள்.

"சரியான ஜோடிக்குச் சொல்லிவிடு" என்றாள் ஒரு மைல் போனதும். "எத்தன மாசம் ஆனாலும் சரி. வந்ததும் நான் மாட்டறேன். நீ பக்கத்துல நிக்கக்கூடாது."

"சரி."

"பெர்வின கூப்பிட்டுக்கறேன்."

"சரிம்மா."

அடுத்த வளைவு வந்தது. அவன் பார்வை ரோட்டில் இருந்தாலும், அவளுடைய வலது கால் வேனின் தரையை அழுத்துவது தெரிந்தது. அங்கே பிரேக் இல்லை. இருந்தாலும் அழுத்தினாள், பல்லைக் கடித்துக்கொண்டு. அவன் ரெண்டாவது கியருக்கு வந்தான்.

"இன்னும் மெதுவா" என்றாள்.

முதல் கியருக்கு வந்தான். பின்னால் கார்கள் சேர ஆரம்பித்தன. ஒருவன் ஹாரன் அடித்தான், அப்புறம் ரெண்டு மூன்று பேர் சேர்ந்து அடித்தார்கள். இட்வால் கண்ணாடியைப் பார்க்கவில்லை. நடக்கிற வேகத்தில் அந்த வளைவைத் திருப்பினான், அடுத்ததையும் அப்படியே. அவளுடைய கால் எப்போது தரையை விட்டு எழும் என்று பார்த்துக்கொண்டே அபெர்வென் வரைக்கும் இறங்கினான். அது எழவில்லை.